பட்டை போட்ட முழங்கால்

ஆயுசில் பாதியை அகராதி அலுவலகத்தில் சொற்களுக்குப் பொருள் எழுதியே கழித்தவள் அவள். அதனால் தனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் புதிய பதிப்புக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் மட்டும் அவள் திருத்தத்துக்கு அடங்கவில்லை.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். படி ஏற முடியலைன்னா எங்க வீட்டுக்கு வந்துடணும். பேச்சு மாறக் கூடாது" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மகள் வீட்டில் அன்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அங்கே ரேடியோவை எப்போது அணைப்பது என்பதை மாப்பிள்ளைதான் முடிவு செய்வார்.

இடையில் பிசியோதெரபி பெண் வந்தாள்.

"வெளியில போறப்ப மட்டும் இந்த முழங்கால் பட்டையைப் போடுங்கம்மா. வீட்டுல கழட்டிட்டு, காலை நீட்டித் தூக்கி இறக்குங்க."

"எதுக்கு? பட்டை போட்டா கால் கிண்ணுன்னு நிக்குதே!"

"நிக்கும்மா. பட்டை காலை உறுதிப்படுத்தும். வலுப்படுத்தாது."

"ரெண்டும் ஒண்ணுதான். அகராதியப் பாரு."

அகராதி எழுதியவளிடமே யார் வாதாடுவது? அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜெயித்த களிப்பில் இவள் குளிக்கும் நேரம் தவிரப் பட்டையைக் கழற்றவே இல்லை. காலைத் தூக்குவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பின்னால் வர, அணிவகுப்பில் போகிறவள் மாதிரி முதல் மாடிவரை ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியாடி?"

"பாத்தேன். கால் ஏன் மரக்கட்டை மாதிரி வருது? முழங்கால்ல என்ன புடைச்சிக்கிட்டு?"

"பட்டை."

"கழட்டு."

"ஏறினேனா இல்லையா?"

"பாத்ரூமுக்கு அவசரமா எழுந்தா பட்டையைத் தேடிக்கிட்டா இருப்பே? கழட்டும்மா."

கழற்றினாள். கால் வெடவெடவென்று ஆடியது. அடுத்த மூன்றாம் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பட்டை பாத்துக்கும்னு இது வேலையையே விட்டுடுச்சுடி."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப மூட்டை கட்டலாமா?"

"ஒரு மாசம் குடு."

"பட்டை இல்லாம ஏறணும்."

"ஏறறேன்."

"அந்தப் பொண்ணு சொல்றதைக் கேக்கணும்."

படி ஏறுவதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. "...கேக்கறேன்."

"ஒரு மாசம்தான். அப்புறம் அழுதாலும் கேக்க மாட்டேன்."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்ததும் மெய்ப்புத் தாள்களைப் புரட்டினாள். 'வலுப்படுத்து: உறுதிப்படுத்து என்பதைப் பார்க்க.' அங்கே போனால், 'உறுதிப்படுத்து: வலுப்படுத்து என்பதைப் பார்க்க.' பொருள் தேடி வந்தவர்களை இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்குமாக அலையவிட்ட புண்ணியவதி சாட்சாத் அவளேதான்.

மறுநாள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அகராதி அலுவலக உதவியாளனுக்கு போன் போட்டாள்.

"உறுதிப்படுத்து. ஆடாமல் அசையாமல் நிற்கச் செய்தல். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா. வலுப்படுத்து?"

"இரு." காலைத் தூக்கினாள். "தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்படி... அம்மாடி... செய்தல்."

"அக்கா, அம்மாடியும் பொருள்ல சேருமா?"

காலை இறக்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். மறுபடி தூக்கினாள்.

"அதுதான்டா முதல்ல வரணும்."