மாற்றுக்கை

கையேடு எழுதுவது ரஞ்ஜிதாவின் தொழில். எழுதியதை எவரும் படிப்பதில்லை என்பது அத்தொழிலின் அனுபவம். இம்முறை மட்டும் படிக்கப்போகிறவர் யாரென்று முன்னமே தெரிந்திருந்தது. தொழிற்சாலை விபத்தை விசாரிக்கும் அதிகாரி பசவராஜ் அதைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

ஹெப்பாளில் உள்ள ஓர் ஆலையில், தகடு அழுத்தும் பொறியில் சிக்கிச் செந்தில்நாதன் என்னும் தொழிலாளி இறந்துபோனார். அப்பொறியின் வாய்முன் ஓர் ஒளித்திரை உண்டு. கை குறுக்கிட்டால் ஒளி அறுபடும். அறுபட்ட கணமே பொறி நிற்கவேண்டும். அன்று அது நிற்கவில்லை. வேலை தடைபடாதிருக்க அவரே ஒயரை முறுக்கி ஒளித்திரையை முடக்கியிருப்பார் என்று ஆலையின் அறிக்கை கூறிற்று.

பொறியை இயக்கும் மென்பொருள் ஒரே ஆலைக்கு உரியதன்று. எட்டு ஆலைகள் அதைப் பகிர்ந்துகொண்டன. எந்த ஆலையிலிருந்து திருத்தம் வந்தாலும் அது அதே ஹெப்பாளில் இருந்த ரஞ்ஜிதாவின் அலுவலகத்தில் நம்பியின் கையைக் கடந்தே எல்லா ஆலைகளும் எடுத்துக்கொள்ளும் பொதுக்களஞ்சியத்தை அடையும். அதற்கென நம்பி அமைத்த கருவியின் பெயர் சரம். வரும் திருத்தங்களை அது பூத்தொடுப்பதுபோல் வரிசைப்படுத்தும். அவர் ஏற்ற ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி சேரும்: படித்தேன், ஏற்றேன் — நம்பி. அந்த வரி இருந்தால் மறுபேச்சில்லை என்பது எட்டு ஆலைகளிலும் வழக்கம். நம்பி மண்டயம் ஐயங்கார் குடும்பத்தவர், அக்ரஹாரத்தில் வீடு. கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும்போது ஓரசை பிறழ்ந்தாலும் மனம் பொறாமல் வீடு வந்து முதலடியிலிருந்து மறுபடி சொல்லுகிறவர்.

அதிகாரியின் கணக்கு எளியது. நம்பி படித்து ஏற்ற மென்பொருள் என்றால் பிழை பொறியில் இல்லை; இறந்தவரிடம் இருக்கிறது. ஆகவே அந்த வரி எவ்வாறு சேர்கிறது என்று சரத்தின் கையேடாக அவருக்கு எழுத்தில் வேண்டும்.

செந்தில்நாதனின் மனைவி மகேஸ்வரிக்கும் இது எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு முற்பகல் அலுவலக வாயிலில் நின்று ரஞ்ஜிதாவை வரச்சொன்னாள்.

"நீங்கதானுங்களா அந்தப் பொஸ்தகம் எழுதறது?"

"ஆமாம்மா."

"அவரு ஒயரெல்லாம் தொடமாட்டாருங்க. வூட்டுல பியூஸு போனாலே பக்கத்து வூட்டுல போயிக் கூட்டியாருவாரு. அத்தனை பயந்தாங்கொள்ளி." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்ததை எண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எங்கூரு அனூருல எல்லாரும் திமிருல செத்தான்னு பேசறாங்க. எம்மாமியாரே பேசுது. அதை மட்டும் மாத்தி எழுதிக்குடுங்க."

"நான் உள்ளதைத்தான் எழுதுவேன்மா."

"உள்ளதே போதுமுங்க."

சரத்தில் உள்ள ஒவ்வொரு விசையையும் ரஞ்ஜிதா தானே இயக்கிப் பார்த்துத்தான் எழுதினாள். மாற்றுக்கை என்றொரு விசை இருந்தது. அதைப்பற்றி எங்கும் ஒரு குறிப்பும் இல்லை. சோதனைக்கென வைத்திருந்த களஞ்சியத்துக்கு வெறும் வரியொன்றை அனுப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அப்படியே நம்பியின் பக்கம் உருட்டினாள்.

"நம்பி சார், உங்களைக் கேக்காமலே உங்க பேரைப் போடறதே இது!"

"எது?"

"இன்னிக்கு மழைன்னு ஒரு வரி அனுப்பினேன். படிச்சேன், ஏத்துண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேள். சட்னியில உப்பில்லேன்னு அனுப்பினாலும் போடுவேள் போலிருக்கே."

நம்பி சிரித்தார். "ஓ, அதுவா? அம்மா பரமபதிச்சப்போ பண்ணினது. தீட்டுல நான் பேர் போடப்படாது, இல்லையோ? படிச்சேன்னு பேர் சொல்லி எழுதறது ஸங்கல்பம் மாதிரி. ஆனா ஆலைக்காரா எல்லாரும் காத்துண்டிருந்தா. நம்பத் தகுந்தவா அனுப்பினா சரமே போட்டுடட்டும்னு ஒரு விசை வச்சேன். என் கை படலை, பாரு."

"கை படலை சார். கண்ணு பட்டுதோ?"

"தீட்டுக் கழிஞ்சு சுபம் ஆனப்புறம் ஒக்காந்து எல்லாத்தையும் படிக்கறதா இருந்தேன்."

"படிச்சேளா?"

"வந்து பாத்தா வரிசையில ஒண்ணுமே இல்லை. அம்மா போன ஆத்துல தொந்தரவு வேண்டாம்னு யாரும் அனுப்பலை போலிருக்கு, என்ன மரியாதைன்னு நெனச்சுண்டேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். கையொப்பம் பெற்ற திருத்தங்கள் வரிசையிலிருந்து தாமே நீங்கும்படி சரத்தை அமைத்தவர் அவர். அதை அந்நேரம் எவரும் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ரஞ்ஜிதா அந்நாள்களின் பதிவைத் திறந்தாள். துக்க நாள்களில் மூன்று திருத்தங்கள் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று ஓசூர் ஆலையின் பொறியாளன் ஸ்ரீகர் அனுப்பியது. எண்ணெய்த்துளி தெறித்து ஒளி அறுபடும்போதெல்லாம் பொறி வீணே நிற்கிறது. ஆதலால் மிகச் சிறுபொழுது அறுபட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். கீழே அவன் ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்: இந்தக் கால அளவு மிகுதியோ என்று ஐயமாக இருக்கிறது, நம்பி சார் பார்த்துச் சொல்லவும். அதன் கீழே இருந்தது அந்த வரி.

நம்பி படித்தார். படித்தவுடன் கண்டுகொண்டார். ஒரு மனிதனின் கை உள்ளே போய்விட அந்தப் பொழுது போதும்.

உடனே எட்டு ஆலைகளையும் தாமே அழைத்து, அத்திருத்தத்தை அன்றே விலக்கச்செய்தார். துக்க நாள்முதல் அணையாதிருந்த மாற்றுக்கையை அணைக்கப் போன கையை ரஞ்ஜிதா தடுத்தாள். அதிகாரி கண்ணால் பார்க்கட்டும், இருந்தபடியே இருக்கட்டும் என்றாள். அதுவும் சரியென்றே இருவருக்கும் பட்டது.

மாலைக்குள் அவள் அப்பகுதியை எழுதி முடித்தாள். மாற்றுக்கை இயங்கும்போது சரத்தைப் பராமரிப்பவர் படிக்காமலே அவர் பெயர் சேரும். செந்தில்நாதன் இறந்த பொறியில் இருந்த திருத்தம் அவ்வாறு சேர்ந்ததே. ஒரு பக்கந்தான்.

"படிச்சு ஏத்துண்டுடுங்கோ சார். நாளைக்கே அனுப்பிடலாம்."

"மேல்கோட்டைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"ஒரு பக்கம் சார்!"

"ஒரு உசிர் போயிருக்கு, ரஞ்ஜிதா. இந்த மனசோட எதுலயும் பேர் போடப்படாது. ஸ்நானம் பண்ணி, பெருமாளைச் சேவிச்சு, சுத்தமா வந்து போடறேன்."

"அந்த அம்மா கேட்ல நிக்கறா சார்."

நம்பி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார்.

மேல்கோட்டையில் அவர் கல்யாணிக் குளத்தில் நீராடினார், உபவாசம் இருந்தார், மலைப்படி ஏறி நரசிம்மன் சந்நிதியில் நின்றார். அடியேன் அறியாது செய்த பிழை என்று தொடங்கினார். அறியாது என்னும் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அறியாமலிருக்க ஒரு விசையைத் தாமே அமைத்தவர் அவர். பாசுரங்கள் நாவுக்கு வந்தன. எல்லாவற்றையும் வழுவின்றிச் சொன்னார். கைபேசியை அணைத்து வைத்திருந்தார். மன்னிப்பை மலைமேல் கேட்டார். கேட்கவேண்டியவள் ஹெப்பாளில் அலுவலக வாயிற்காவலன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எட்டு ஆலைகளுக்கும் போன அழைப்பு அலுவலக மேலாளர் சுரேந்தரின் காதை எட்டாதிருக்குமா? திருத்தம் விலக்கப்பட்டதற்கு, எண்ணெய்த்துளி தொடர்பான மேம்பாடு என்று அவன் ஆலைகளுக்குக் காரணம் எழுதினான். பிறகு ரஞ்ஜிதாவின் இடத்துக்கு வந்தான்.

"கையேடுன்னா யூஸருக்கு வேண்டியது மட்டும் போதும் ரஞ்ஜிதா. மாற்றுக்கை செக்‌ஷனைத் தூக்கிடுங்க."

"அதிகாரி கேட்டதே அதைத்தானே சார்."

"டூல் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டார். எப்படி வேலை செய்யாமப் போச்சுன்னு கேக்கலை."

"நம்பி சார் படிக்காம அது போகாது."

"பாக்கலாம்."

அப்பகுதியை அவனே நீக்கிக் கையேட்டைச் சரத்தின் வழியே அனுப்பினான். நம்பத் தகுந்தவர் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. ரஞ்ஜிதா பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கையேட்டின் அடியில் அவ்வரி வந்து சேர்ந்தது: படித்தேன், ஏற்றேன் — நம்பி. அன்று பிற்பகல் அது பசவராஜின் அலுவலகத்தை அடைந்தது. ரஞ்ஜிதா நம்பியை அழைத்துக்கொண்டே இருந்தாள். மறுமுனையில் மணி அடிக்கவேயில்லை.

திரும்பி வந்த நம்பி திருமண் துலங்க, ஈரம் உலராத குடுமியுடன் தம் இடத்தில் அமர்ந்தார். அமர்ந்ததும் ரஞ்ஜிதா திரையை அவர் பக்கம் திருப்பினாள். சுரேந்தரும் வந்து நின்றான்.

"உங்க பேரைக் காப்பாத்தத்தான் பண்ணினேன் சார். இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேர்."

"யார் பேரை?" என்றார் நம்பி.

அவர் எழுந்து ரஞ்ஜிதாவைப் பார்த்தார். "வரியா? அதிகாரி ஆபீஸ் எங்கன்னு எனக்குத் தெரியாது."

பசவராஜ் சாமராஜநகர்க்காரர், எல்லைப்புறத் தமிழ் பேசுவார். மேசைமேல் இருந்த கையேட்டைப் புரட்டி அடிவரியில் விரல் வைத்தார்.

"ஃபைலை மூடிட்டேன் சார். நாளைக்கு மேல போவுது. இதுல நீங்களே படிச்சு ஒத்துக்கிட்டிருக்கீங்களே."

"படிக்கலை."

"பேரு உங்கள்து."

"பேர் என்னோடது. படிக்கலை." நடந்ததை நம்பி முதலிலிருந்து சொன்னார். தாயார் காலமானதைச் சொன்னார், தீட்டைச் சொன்னார், ஸ்ரீகரின் ஐயத்தைச் சொன்னார். மேல்கோட்டையை மட்டும் சொல்லவில்லை.

பசவராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க போட்ட கையெழுத்துல எதைத்தான் சார் நான் நம்பறது?"

"அம்மா போன நாள்லேர்ந்து எதையும் நம்பவேண்டாம். எது நான் போட்டது, எது அது போட்டதுன்னு எனக்கே தெரியாது."

"இப்பிடி எழுதிக் குடுத்தீங்கன்னா கேசு உங்க மேல திரும்பும். வேலையும் போயிரும். தெரியுமில்லே?"

"காகிதம் குடுங்கோ."

அவர் கையால் எழுதினார். விசைப்பலகைக்குப் பழகிய கை, எழுத்துகள் கோணின. முடித்துக் கையொப்பமிட்டு நீட்டினார். பசவராஜ் வாங்கிக்கொண்டு, "இதையாச்சும் படிச்சுட்டுத்தானே போட்டீங்க?" என்றார். நகையாடினாரா, கடிந்தாரா என்று தெரியவில்லை. உடனே அவரே தொடர்ந்தார். "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். உங்க கையெழுத்து மட்டும் செல்லாது, நீங்களே சொல்லிட்டீங்க."

ரஞ்ஜிதா காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். பசவராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விரையவில்லை. கடைசிச் சொல்வரை படித்த பிறகே பேனாவைக் கேட்டாள்.

"இறந்துபோனவர் மேல இருக்கற பழி போயிடுமா சார்?" என்று கேட்டாள்.

"திருப்பி விசாரிக்கச் சொல்லி எழுதறேன். மேல என்ன சொல்றாங்களோ. மாசக்கணக்கு ஆவும். ஆலைக்காரங்க சும்மா இருப்பாங்களா?"

ஹெப்பாளுக்கு மீண்டபோது மகேஸ்வரி வாயிலில்தான் இருந்தாள். நம்பி அவள்முன் நின்றார்.

"நான் நம்பி," என்றார்.

எட்டு ஆலைகளில் மறுபேச்சை அடக்கிய அந்தப் பெயரால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆருங்க?" என்று ரஞ்ஜிதாவைக் கேட்டாள். ஆகவே அவர் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது. இம்முறை மேல்கோட்டையையும் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அழவில்லை, ஏசவுமில்லை.

"அப்ப ஒயரை அவரு தொடலைங்க."

"தொடலை."

"சாமிகிட்டச் சொல்லிட்டீங்க. ஆபீசருகிட்டச் சொல்லிட்டீங்க. எங்கிட்டயும் சொல்லிட்டீங்க. எனக்குத்தான் மொதல்லயே தெரியுமுங்களே." நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அனூருல வந்து சொல்லுவீங்களா? எம்மாமியாருகிட்ட, அந்தத் தெருவுல?"

"சொல்றேன்."

"எப்பங்க?"

நம்பி வாய்திறந்தார். ஒரு நாள் கழித்து என்றோ, வீட்டில் சொல்லிவிட்டு என்றோ அவர் நாவில் வந்திருக்கக்கூடும். ரஞ்ஜிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே," என்றார்.

அனூர் போக ஏறிய கொள்ளேகால் பேருந்தில் கூட்டம் இல்லை. மகேஸ்வரி முன்னே பெண்கள் இருக்கையில் சன்னலோரம் அமர்ந்தாள். நம்பி பின்னே வந்து இடம்பிடித்தார். ஊர்வரை அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.