எந்தக் கண்ணியை விடுவது

துணி துவைக்கும் இடத்தில் சுமலதா வழுக்கி விழுந்தபோது, கணவன் வெற்றிவேலுக்காகப் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் கழுத்துத்துணி பாதியில் நின்றுபோனது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

வெற்றிவேலுக்கு மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை. முத்தியால்பேட்டை வெயிலில் கம்பளி எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வேலை முடிந்து வரும்போது அவன் கழுத்து இறுகிக் கிடக்கும். யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்புவான். அதனால்தான் மீன்முள் பின்னலை எடுத்திருந்தாள். நூல் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே சாய்ந்து, கால்மிதி மாதிரித் தடிப்பாக வரும். காற்று புகாது.

"நீ சொல்லு, நானே போடறேன்," என்று வெற்றிவேல் ஊசிகளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"ரெண்டு கண்ணியயும் சேத்துக் குத்துங்க. நூல இழுங்க. இப்ப ஒண்ண மட்டும் ஊசியிலேர்ந்து விடுங்க."

"எத?"

"முதல்ல இருக்கறத."

"எனக்கு முதல்லயா, உனக்கு முதல்லயா?"

சுமலதா தலையைச் சாய்த்து, ஊசியை அவன் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சரி, ஊசிய முன்னால குத்தணுமா, பின்னாலயா?"

எத்தனையோ வருஷமாக சீரியல் பார்த்துக்கொண்டே பின்னியவள். கைதான் செய்தது, அவள் கவனித்ததே இல்லை. இடது கையைத் தூக்கிக் காற்றில் விரல்களை அசைத்துப் பார்த்தாள். ஒருமுறை விரல் முன்னால் போனது, மறுமுறை பின்னால் போனது.

"பின்னால," என்றாள். கொஞ்ச நேரத்தில், "இல்ல, முன்னாலதான் போல," என்றாள். அவன் முணுமுணுக்காமல் பிரித்தான். "பின்னாலயே குத்துங்க," என்றாள் மறுபடி.

கமலவேணிக்குப் போன் போட்டாள். கான்வென்ட் தையல் வகுப்பில் கூடப் படித்தவள், இப்போது காலாப்பட்டில் இருக்கிறாள்.

"இதென்னாடி கேள்வி, முன்னாலதான்," என்றாள் கமலவேணி. போனில் ஏதோ டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. "இரு, ஊசிய எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "நீ ஏன்டி கேட்ட? எனக்கும் இப்ப வரமாட்டேங்குது."

சுமலதா சிரித்துவிட்டாள். ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்தபோது, முதலில் போடுவது கடுகா, உளுந்தா என்று நின்றாள். ரெண்டு டப்பாவையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணெய் புகைந்தது. இதுவும் போய்விட்டதா என்று அடுப்பை அணைத்தாள்.

சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். அதற்குள் வெற்றிவேல் தனக்குத் தோன்றியபடி சில வரிசைகள் போட்டிருந்தான். விரல்கள் கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும் என்றார் டாக்டர். வெற்றிவேல் வேலைக்குப் போனதும் ஊசியை எடுத்தாள். விரல்கள் நன்றாகவே மடங்கின. என்ன செய்வதென்றுதான் அவற்றுக்குத் தெரியவில்லை. ரெண்டு கண்ணிகளுக்கு நடுவில் ஊசி அப்படியே நின்றது.

அவன் திரும்பி வந்தபோதும் அவள் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவன் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் எப்புடிப் போடறேன்னு சொல்லட்டா? சிரிக்காத. ரெண்டு பொட்டிய சேத்துத் தூக்கறேன். முன்பொட்டிய எறக்கிடறேன். பின்பொட்டி அங்கயே நிக்குது. அடுத்ததோட சேத்து அத மறுபடி தூக்கறேன். அவ்ளோதான்."

அவள் தூக்கினாள், இறக்கினாள். திக்கித் திக்கி ஒரு வரிசை முடிந்தது. ஐஸ் மெஷின் பழுதானதையும் சூப்பர்வைசர் எல்லார் மேலும் பாய்ந்ததையும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபடி அவள் கையைப் பார்க்காமலேயே பாதி வரிசை போயிருந்தாள். அது தெரிந்த நொடியில் கை நின்றுவிட்டது.

"பேசுங்க. நிறுத்தாதீங்க."

"வேற என்னா சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க."

தெரிந்த ஆட்கள் கதை எல்லாம் தீர்ந்தது, மீன் பெயர்கள் எல்லாம் தீர்ந்தது. அப்படித்தான் கழுத்துத்துணி முடிந்தது.

முடிந்ததை விரித்தபோது பழைய பாதி படிந்து கிடந்தது, புதிய பாதியில் முள் தூக்கி நின்றது. சரியானது எது? புரட்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவன் வாசலில் அவள் கூப்பிட்டதும் தலையை மட்டும் திருப்பினான்.

"குளிர் ஏறல."

"எந்தப் பாதிய வெளிய விட்டீங்க?"

"சுத்திக்கிட்டேன். பாதியெல்லாம் யாரு பாத்தா."

ஈரமாக இருந்த துணியை வாங்கிக் கொடியில் போட்டாள். இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாள்.

"பின்னாலதான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினாள். நிலைப்படி தாண்டுவதற்குள் மறுபடி சந்தேகமாகிவிட்டது.