மாலை மாற்றும்போது சிரித்தவர்

தமிழ்ச் சங்கச் செயலர் கஸ்தூரிரங்கன், அவர் மனைவி, பூவராகவன் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்த தம்பதிகள் சிலர், தமிழ் வாசிக்கத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகள், கடைசி வரிசையில் தனியாக ஜெயலட்சுமி, புது வீடியோ கேமராவைத் தோளில் தாங்கியபடி வேணு. டெல்லி கிட்வாய் நகரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வு பெறும் கல்யாண போட்டோகிராபர் பூவராகவனுக்கு நன்றி சொல்ல வந்தவர்கள் இவ்வளவுதான்.

சால்வை போர்த்தினார்கள். கஸ்தூரிரங்கன் மைக்கைப் பிடித்தார். "தாலி கட்டறச்சே இவர் 'ஒரு நிமிஷம்'னா வாத்தியாரே மந்திரத்தை நிறுத்திடுவார். நாமெல்லாம் இவர் உத்தரவு குடுத்தப்புறம்தான் தாலி கட்டினோம்." சிரித்தார்கள்.

பூவராகவனுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஊர் பேர் தெரியாதவனாக டெல்லிக்கு வந்த என்னைத் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு எதிரில் கேமராவோடு நிற்க விட்டார்கள், அந்த நம்பிக்கைக்குக் கும்பிடுகிறேன் என்றார். தன் பிள்ளைகள் படித்தது மற்றவர்களின் முகூர்த்த நாட்களால்தான் என்றார். பிறகு வேணுவைக் கைகாட்டினார். "இவன் என் பார்ட்னர்னு நினைக்காதீங்க. தம்பி. ஜனவரிக் குளிர்ல ஃபிளாஷைத் தூக்கிக்கிட்டு என்கூட நின்னவன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வேணு கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் ஜெயலட்சுமி வந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாண ஆல்பத்தை மாமியார் வீட்டார் எடுத்து வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார்கள்.

"அண்ணே, படம்னாலே அவரு முறைப்பாரு. மாலை மாத்தும்போது மட்டும் சிரிச்சாரு. நீங்க எடுத்தீங்க. அந்த ஒண்ணு போதும்."

"நெகட்டிவ் ஒண்ணுகூட நான் தூக்கிப் போட்டதில்லம்மா. வா, இப்பவே எடுத்துப் பிரிண்ட் போடறேன்."

வேணு குறுக்கே வந்தான். "என்ன ஜல்தி அண்ணே? சாப்பிட்டுப் போலாமே."

அவர் நிற்கவில்லை. ஸ்டுடியோ அடுத்த சந்தில்தான். ஜெயலட்சுமி முன்னறையில், படம் எடுத்துக்கொள்பவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருட்டறையில் அலமாரி நிறையத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் பெயரும் தேதியும். அவளுடையதைத் திறந்தார். காலி. பக்கத்து டப்பாவும் காலி. மேல் தட்டு டப்பாவைத் தூக்கியபோது, திறப்பதற்கு முன்பே எடையில் தெரிந்துவிட்டது. பின்னாலேயே வந்த வேணு வாசற்படியில் நின்றான்.

"பழைய நெகட்டிவ்ல வெள்ளி இருக்காம் அண்ணே. சாந்தினி சௌக்ல பிரிச்சு எடுக்கறவன் வந்தான். நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. எல்லாத்தையும் அவனுக்கு வித்துதான் இந்தக் கேமராவை வாங்கினேன். வீடியோ இல்லாம இனிமே ஒருத்தனும் நம்மளைக் கூப்பிட மாட்டான். பழசை எவன் வந்து கேப்பான்னு..."

"டப்பாவை மட்டும் ஏன்டா அடுக்கி வச்சே?"

"பாத்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

ஒவ்வொரு மூடியையும் அழுத்தி மூடியிருந்தான். எந்தப் பெயரும் இடம் மாறவில்லை. அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறான். அந்தப் பணத்தில் வந்த கேமராவின் முன்னால்தான் இன்று அவனைத் தம்பி என்றார்.

"அந்தப் பொண்ணு வெளிய உக்காந்திருக்கு. நீ போய்ச் சொல்லு."

"நானா? தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பிடும் அண்ணே. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

பூவராகவன் அவன் தோளைப் பிடித்து முன்னறைக்குத் தள்ளினார். ஜெயலட்சுமி ஸ்டூலிலிருந்து எழுந்து அவன் கைகளைப் பார்த்தாள்.

பூவராகவன் அவனுக்குப் பின்னால் இருட்டறைக் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்.