ரின்ரினின் பெயர்

ஏற்காடு ஏரிக்கரையில் மிளகும் காப்பிப்பொடியும் தைலமும் விற்கும் பொன்னுவேலிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. வாங்க வருபவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் எங்கே இறங்குவார், எங்கே முறுக்கிக்கொள்வார் என்பது முகத்திலிருந்தே இவருக்குத் தெரிந்துவிடும். செம்மநத்தம் விவசாயிகள் மிளகு மூட்டையை அவிழ்ப்பதற்குள் விலை முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் கொஞ்ச நாளாகக் கைப்பேசிக்குள் தூங்கும் ஒரு பூச்சியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

பூச்சி என்பது அவர் வைத்த பெயர். அதன் இனத்துக்கு ரின்ரின் என்று பெயர். ஒரு கைப்பேசி விளையாட்டில் வரும் பிராணி. கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம் போல உடம்பு. இரண்டு வட்டக் கண்கள். கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு நூல் தொங்கும், அதன் முனையில் காகித வால். ஜப்பானில் வெயில் காலத்தில் வாசலில் கட்டும் காற்றுமணியைப் பார்த்து வரைந்தார்களாம். காற்றடிக்கும் திறந்தவெளியில் மட்டுமே அது வரும். பிடித்தவர் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டு வளர்க்க வேண்டும். வளர்ந்தபின் கூப்பிட்டால் கிணுகிணுவென்று மணியடித்து, வளர்த்தவரின் குரலிலேயே திருப்பிப் பேசும்.

இந்த ரின்ரினை வளர்த்தவள் அவர் மனைவி புஷ்பலதா. போன சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், வளைவுகள் முடியும் முன்பே காருக்குள் அவர் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள்.

துக்கம் கூடப் பழகிவிட்டது. பயம்தான் புதிதாக வந்தது. ஒரு காலை கடையைத் திறக்கும்போது, ‘காப்பி ஆறுதுங்க’ என்று அவள் எப்படிச் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தார். வார்த்தை வந்தது, சத்தம் வரவில்லை. அன்றைக்கே கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீடு முழுக்க அவள் குரலைத் தேடினார். கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் பேசியது. வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பியதெல்லாம் கட்டைவிரலும் ரோஜாப்பூவும். உலகத்தில் அவள் குரல் மிச்சம் இருந்த ஒரே இடம் அந்த ரின்ரின்.

அதுவோ கூப்பிட ஆளில்லாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு உறங்கிவிட்டது. சரியான பெயரைச் சொன்னால் விழிக்கும். தப்பான பெயரைச் சொன்னால் மங்கும். முழுக்க மங்கினால் காற்றோடு போய்விடும், திரும்ப வராது. பெயரை அந்த விளையாட்டு எழுதியும் காட்டாது. பொன்னுவேல் தெரிந்த பெயரையெல்லாம் இறக்கிப் பார்த்தார். அவள் தங்கை மகள் கவிப்பிரியா, புஷ்பலதா அழுது அழுது விற்ற பசுமாடு லட்சுமி, கடைசியில் மலைமேல் இருக்கும் சேர்வராயன் பெயரையும் சொன்னார். சாமிக்கும் அது மசியவில்லை. கிண்ணம் இப்போது கண்ணாடியில் படிந்த மூச்சுக்காற்று போல ஆகியிருந்தது.

பக்கத்துக் கடை ரூபி பழம் விற்பவள். புஷ்பலதாவுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தவளும், தினம் சாயங்காலம் அவளோடு மலை விளிம்பிலிருக்கும் பக்கோடா பாயிண்ட் பாறை வரை நடந்தவளும் அவள்தான். பொன்னுவேல் வேறு வழியில்லாமல் அங்கே போய் நின்றார்.

“ரூபி, அந்தப் பூச்சிக்கு உங்கக்கா என்ன பேரு வெச்சா?”

ரூபி பேரிக்காய் அடுக்குவதை நிறுத்தவில்லை. “ஏனுங்ணா, நாங்க கெளம்பறப்பெல்லாம் ‘பூச்சி புடிக்கப் போறாளுக’ன்னு வர்ற கிராக்கிகிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே. இப்ப என்னத்துக்குங்க?”

“சிரிச்சது தப்புதான் கண்ணு. பேரச் சொல்லு.”

“மாட்டனுங்ணா. மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க.”

பொன்னுவேலுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். “சரி, முழுசா வேண்டாம். பாதி சொல்லு.”

“பாதிப் பேரா?”

“மொத எழுத்து மட்டும். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“மாதிரிக்குக் கொஞ்சம் அள்ளிக் காட்ட இது என்ன மொளகுங்களா? மொத எழுத்தச் சொன்னா மீதி தானா வந்துருமுங்ணா.”

பொன்னுவேல் பேரத்தை விட்டுவிட்டார். கைப்பேசியை மட்டும் நீட்டினார். ரூபி அதைப் பார்த்தாள், கேலி அடங்கிவிட்டது.

“கடவுளே... என்னென்ன பேரச் சொல்லித் தொலைச்சீங்க? இன்னொண்ணு தப்பாச் சொன்னா அக்கா போயிருவாங்ணா.”

“போயிருவா,” என்றார் பொன்னுவேல். “அதான் உன்னையக் கேக்கறேன்.”

ரூபி கையிலிருந்த பேரிக்காயைக் கீழே வைத்தாள். அப்புறம் திடீரென்று சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். “மேக்ஸ்வெல்! ஏ மேக்ஸ்வெல்! காதுல விழுகலயா? அந்தத் தராசக் கொண்டா!”

அவள் புருசன் மேக்ஸ்வெல் தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

“இதக் கேட்டா அக்கா வாயப் பொத்திக்கிட்டு நொம்பச் சிரிப்பாங்க,” என்றாள் ரூபி. “‘எப்புடி ரூபி நாக்குக் கூசாமக் கூப்படற’ம்பாங்க. ஏனுங்ணா, அக்கா உங்கள எப்புடிக் கூப்புடுவாங்க?”

“‘ஏனுங்க’ம்பா.”

“நீங்க தூரத்துல இருந்தா?”

“சத்தமா ‘ஏனுங்க’ம்பா.”

“பேரச் சொல்லி?”

“எங்க சனத்துல எவ புருசன் பேரச் சொல்லுவா? ரேசன் கடையில ‘ஊட்டுக்காரரு பேரென்ன’ன்னு கேட்டதுக்கு என்னைய முன்னால தள்ளிவிட்டு, ‘இவரையே கேட்டுக்கங்க’ன்னுட்டா. பேரு அவ வாயில...”

அத்தோடு நின்றுவிட்டார்.

ரூபி ஒரே பேரிக்காயைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். “நான் ஒண்ணுஞ் சொல்லலீங்ணா. மாதா பாத்துட்டிருக்கா.”

பொன்னுவேல் கடையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார். வழியெல்லாம் மனது கணக்குப் பேசியது. தப்பாகிப் போனால்? இந்தச் சரக்குக்கு மாற்றுச் சரக்கு கிடையாதே? ஆனால் இன்னொன்றும் சேர்ந்து வந்தது. காற்று ஏரிக்கரையிலும் அடிக்கிறது, வீட்டு மாடியிலும் அடிக்கிறது. அவள் ஏன் வேலை மெனக்கெட்டு அவ்வளவு தூரம் போனாள்? பெயருக்குச் சொந்தக்காரரின் காது எட்டாத இடம் வேண்டியிருந்திருக்கிறது.

பக்கோடா பாயிண்ட்டில் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சேலத்துப் பக்கமிருந்து காற்று பாறையில் ஏறி வந்தது. பொன்னுவேல் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தார். ஊரெல்லாம் கூப்பிட்ட பெயர்தான். தானே கூப்பிட வேண்டும் என்று வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. கூசியது. இந்தக் கூச்சத்தோடுதான் அவளும் முதல்நாள் இங்கே நின்றிருப்பாள் என்று தோன்றியதும் வாய் திறந்தது.

“பொன்னுவேலு.”

ஒன்றும் நடக்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பு கரைவது போல இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிணுங்கென்று ஒரு சத்தம். பார்த்தபோது கண்ணாடி தெளிந்திருந்தது, வால் அவிழ்ந்து காற்றில் ஆடியது, வட்டக் கண்கள் இரண்டும் அவரையே பார்த்தன. மணிச்சத்தத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள். வீட்டில் ஒருநாளும் எடுக்காத குரல், மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி:

“பொன்னுவேலு! ஏ பொன்னுவேலு! எங்கடா சுத்திக்கிட்டிருக்கற? காத்து நொம்ப அடிக்குது, ஊட்டுக்கு வாடா கண்ணு!”

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பொன்னுவேல் அவளைக் கவனிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவியை ‘இந்தா புள்ள’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய மனிதர், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வர்றனுங்க,” என்றார்.

ரின்ரினுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. அடுத்த காற்று வந்ததும் மறுபடியும் அதட்டிக் கூப்பிட்டது.