புனிதனின் பணிவான வேண்டுகோள்

தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே சுற்றுலா விடுதி கட்டப் போகிறது தேயிலைத் தோட்ட நிர்வாகம். அதைத் தடுக்க ஆதரவு திரட்ட, இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று லைன் கமிட்டி முடிவு செய்தது. பொறுப்பைச் செயலாளர் புனிதனிடம் கொடுத்தார்கள். இது சரிவராது என்று அப்போதே நினைத்தேன்.

புனிதன் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்க் குழாய் உடைந்ததைத் தோட்ட மேனேஜரான துரையிடம் சொல்லப் போனால், தோட்டம் எவ்வளவு அழகு, துரை எவ்வளவு நல்லவர் என்றுதான் ஆரம்பிப்பார். குழாய் கடைசிவரை வாயில் வராது. துரையே புரிந்துகொள்ள வேண்டுமாம்.

இணையப் பக்கம் செய்து தரும் ஏஐயிடமும் அதே கூழைக்கும்பிடு. "ஐயா, எங்கள் தோட்டம் பசுமையும் குளிரும் நிறைந்தது. பார்ப்பவர் மனம் மகிழும்படி ஒரு பக்கம் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மற்றவை தாங்கள் அறியாததல்ல."

இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சே இல்லை.

"மாமா, நாம யாரு, என்ன நடக்குது, படிக்கிறவங்க என்ன செய்யணும்னு எழுதலன்னா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எடுத்த எடுப்புலயே வீட்ட இடிக்காதீங்கன்னா மரியாதையாவா இருக்கும், சுபத்ரா? கோடி காட்டுனா போதும்லா."

வந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தேயிலைச் சரிவில் மர வீடுகள், கோப்பையோடு சிரிக்கும் வெள்ளைக்காரத் தம்பதி. கீழே, "உங்கள் அறையை இன்றே பதிவு செய்யுங்கள்." எங்களில் ஒருவர் முகம்கூட இல்லை.

நானே உட்கார்ந்து எழுதினேன். "நாங்கள் இங்கே வாழும் தொழிலாளர் குடும்பங்கள். எங்கள் வீடுகளை இடிக்கப் போகிறார்கள். மாற்று வீடு தரவில்லை. படிப்பவர் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். சுற்றுலா, அழகு பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்." சரியான பக்கம் வந்தது. புனிதனிடம் காட்டினேன்.

அவர் நெளிந்தார். "மொதல்ல வந்த பக்கத்தக் காலையிலேயே துரைக்கு அனுப்பிட்டேன்மா. அவரு பாக்காம வெளிய போடறது முறையில்ல."

நம்மை விரட்டுகிறவனிடமே போய் அனுமதி கேட்பதா? சீ! அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனைக்கும் அவர் வீடும் அதே லைனில்தான்.

மறுநாள் விடுதி பற்றிப் பேச நிர்வாகம் கூட்டிய கூட்டத்தில் துரை அந்த முதல் பக்கத்தைத் திரையில் போட்டார். அடியில் புனிதன் சேர்த்திருந்த எங்கள் கமிட்டியின் பெயர். தானா ராத்தா நகரத்திலிருந்து வந்திருந்த அரசாங்க அதிகாரியிடம், "பாருங்க, விடுதி வரணும்னு இவங்களே ஆசைப்படுறாங்க" என்றார்.

"பொய்!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன்.

துரை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "புனிதன், இது நீங்க அனுப்புனதுதானே?"

புனிதன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆமாங்க துரை. உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?"