நாட்காட்டி அட்டை வைத்த என்ஜின்

றுஷ்தி நானா இரண்டு வழி சொன்னார். பழைய என்ஜினுக்குப் பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் போடலாம். அல்லது அதைக் கழற்றிவிட்டு வேறு என்ஜினே வைக்கலாம். என்னுடையது நாலு சக்கர பைக். நூற்றுப் பத்து சிசி. பசறையில் அதைத் தொடும் மெக்கானிக் அவர் ஒருவர்தான்.

“செலவப் பாத்தா மொதல்ல சொன்னது. கரைச்சல் இல்லாம ஓடணும்னா ரெண்டாவது. படிச்ச மனுசன், நீங்களே சொல்லுங்க தம்பி.”

“பெரிய சிலிண்டர் போட்டா எதெல்லாம் திறக்கணும்?”

“மேல தலை. பொறகு கிளச் மூடி. பழைய கிளச்சுக்கு இழுக்க ஏலாது, வழுக்கும்.”

அந்த மூடியைப் பூட்டியவள் யசோதினி. என் மனைவி. ஊரடங்கு நாட்களில் எங்கள் லய வீட்டுத் தரையில் சாக்கை விரித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து என்ஜினைப் பிரித்துப் பூட்டினாள். மூடிக்கு இடையில் வைக்கும் கேஸ்கட் கிழிந்துவிட்டது. கடைகள் இல்லை. பதுளைக் கடையில் கொடுத்த நாட்காட்டியின் அட்டையை எடுத்து அளவாக வெட்டினாள். பிள்ளையார் படத்தில் பாதி உள்ளே போயிற்று.

“சாமியே உள்ள இருக்காரு. இனிமே எங்கயும் நிக்காது பாருங்க.”

தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையிலிருந்து ரோட்டுக்குத் தேயிலைக் கொழுந்து மூட்டைகளை அதில்தான் ஏற்றினோம்.

போன மார்கழியில் அங்கே குளவிக் கூடு கலைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த யசோதினியைக் குளவிகள் கொட்டித் தீர்த்தன. அவளை முன்னால் இருத்தினேன். அவளோடு கொழுந்து எடுக்கும் நல்லம்மா அக்கா பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார். ரோட்டுக்கு ஏறும் மேட்டில் மூன்று பேரை என்ஜின் இழுக்கவில்லை. பாதியில் நின்றது. மீதித் தூரம் தோளில் சுமந்தேன். ரோட்டை அடைந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

இப்போது நல்லம்மா அக்காவின் மருமகள் மதுஷாவுக்கு எட்டு மாதம். அம்புலன்ஸ் ரோட்டோடு நின்றுவிடும். “ஒங்க வண்டி மேட்டுல ஏறுமா தம்பி?” என்று மட்டும் அக்கா கேட்டார்.

நானா மூடியின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது.

“இதென்ன, கலண்டர் அட்டையா?” சிரித்தார். “எந்தப் பெரிய மெக்கானிக் பாஸ் செஞ்ச வேல இது?”

“வீட்டுல செஞ்சது.”

அவருக்கு விஷயம் தெரியும். சிரிப்பு நின்றது. “நல்லா வெட்டியிருக்காங்க. ஒரு சொட்டு ஒழுகல்ல.”

திறந்து பார்க்க ஆசையாக இருந்தது. அவள் பிளேடு நழுவிய இடம், பென்சில் கோடு, எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் எண்ணெயில் ஊறிய அட்டை முழுசாக வராது. ஒருமுறைதான் பார்க்கலாம்.

“வேற என்ஜினே போடுங்க நானா.”

“அப்ப பழச எனக்குத் தாங்க. சாமானுக்கு ஆகும்.”

“அத நான் கொண்டுபோறேன்.”

“வச்சு என்ன செய்யப் போறீங்க?”

நான் ஒரு சாக்கை எடுத்து விரித்தேன். வேறு என்ஜினைப் பூட்டி முடித்ததும், அவர் பழையதைத் திறக்காமலே அதில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை நல்லம்மா அக்கா தானே ஏறி உட்கார்ந்தார். இரண்டு கொழுந்து மூட்டையும் போடச் சொன்னார். வண்டி ஒரே இழுப்பில் ஏறியது. முன்பு நின்ற இடத்தைப் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டோம்.

“என்னையே இழுத்துருச்சு. மதுஷா எம்மாத்திரம்!” என்று தோளில் தட்டினார். பிறகு கையை எடுக்கவில்லை. “அன்னிக்கு இது இருந்திருந்தா…”

ரோட்டுக்கு வந்துவிட்டோம். நான் என்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும்.