தப்பாக எழுதிய ஓர் இடம்

கதையில் ஓர் இடத்தை மட்டும் அம்சவல்லி வேண்டுமென்றே தப்பாக எழுதியிருந்தாள். அந்தத் தப்பை நம்பித்தான் அன்று மாலை கிளை நூலகத்துக்கு வந்திருந்தாள்.

நூலகர் மீரா உசேன் செய்தித்தாள் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி பெஞ்சுகள் போட்டிருந்தார். கல்லூரி மாணவர்கள் தாங்கள் எழுதியதை ஊரார் முன்னால் வாசிக்கும் கூட்டம். தலைமை, மிராசுதார் பஞ்சநதம். நூலகம் இருந்த கட்டடமே அவர் கொடுத்ததுதான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நிலச் சீர்திருத்தத் தாசில்தார் ரெங்கசாமி. அவருடைய மகன் கவிதை வாசிக்கப்போகிறான், அதற்காக வந்திருந்தார். அவர் வருவார் என்று தெரிந்த பிறகுதான் அம்சவல்லி தன் பெயரைக் கொடுத்தாள்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் பஞ்சநதத்திடமிருந்து அரசு எடுத்த நிலத்தில் ஒரு துண்டு அவளுடைய அப்பா வீரையனுக்கு ஒப்படை ஆகியிருந்தது. பள்ளமான துண்டு. ஆற்றுப் பாசனத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பாதி வேலைதான். மீதிப் பாதி, வேண்டாத தண்ணீரை வெளியே அனுப்புவது. டெல்டா உள்ளங்கை மாதிரி தட்டை. ஐப்பசி மழையில் நிரம்பிய வயல் தானாக வடிய இறக்கம் கிடையாது. அதனால் வரப்புக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்து, அடுத்த வயலோரமாகத் தண்ணீரை வடிகாலுக்குக் கொண்டுபோவார்கள். வீரையனின் குழாய் பஞ்சநதத்தின் வரப்புக்கு அடியில் போயிற்று. அந்தக் குழாயை அடைத்தால் நட்ட பயிர் நுனிவரை மூழ்கி, பழுத்து, அழுகிப்போகும். இரண்டு சம்பா அப்படி அழுகின.

புகார் கொடுத்து அதிகாரிகள் பார்க்க வந்தபோதெல்லாம் குழாய் திறந்துகிடந்தது. தண்ணீர் நல்ல பிள்ளையாக ஓடியது. "அந்தக் குழாய்ப் பக்கமே நான் போனதில்லீங்க. அவனுக்குப் பயிர் வைக்கத் தெரியல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று பஞ்சநதம் தாசில்தாரிடம் வாக்குமூலம் கொடுத்தார். சாகுபடி செய்யாதவன் கையில் ஒப்படை நிலம் தங்காது. வரும் வாரம் விசாரணை முடிகிறது. நிலம் போய்விடும்.

மழை விட்ட ஒரு காலையில், வடிகாலின் கோரைக்குள் வைக்கோல் புரி சுற்றிய பனைமரத் துண்டு ஒன்று சிக்கிக் கிடந்ததை அம்சவல்லி பார்த்தாள். எடுத்துப் புரட்டியதும் குழாயை எதனால் அடைத்தார்கள் என்று புரிந்துவிட்டது. ஆனால் ஒரு மரத்துண்டைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? அது வாய் திறந்து சொல்லாது.

சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். விவசாயத்தில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் பஞ்சநதத்துக்கு உடம்பு அரிக்கும். திருவிழா நாடகத்தில் உழவன் வேஷக்காரன் கலப்பையின் மேழியைப் பிடித்த விதம் சரியில்லை என்று பாதி நாடகத்தில் மேடையேறிப் பிடித்துக் காட்டியவர் அவர்.

தாசில்தார் மகனின் நிலாக் கவிதைக்குப் பஞ்சநதம் கொட்டாவி விட்டார். அடுத்து மைக் முன்னால் அம்சவல்லி நின்றாள். கடைசி பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த வீரையனுக்கு வியர்த்தது. கிளம்பும்போதே, "நமக்கு எதுக்கும்மா வம்பு?" என்று கேட்டிருந்தார்.

அவள் வாசித்தாள். ஏதோ ஓர் ஊர், யாரோ ஒரு பெரிய மனிதர், பெயரில்லாத ஒரு கூலிக்காரர். பயிர் மூழ்கிய பகுதியில் கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு அந்த இடம் வந்தது: "அவர் ஒரு சாக்கில் மண்ணை நிரப்பினார். அதைக் குழாயின் வாயில் வைத்து அடைத்தார். அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியேறவில்லை."

ஓரக்கண்ணால் பார்த்தாள். பஞ்சநதத்தின் விரல் நாற்காலிக் கையைத் தட்டியது. அவ்வளவுதான்.

எல்லோரும் வாசித்து முடித்ததும் அவர் தலைமையுரைக்கு எழுந்தார். "வீரையன் மவ நல்லாத்தான் எழுதியிருக்கு. படிச்ச புள்ள. சொல்லெல்லாம் அழகா விழுது." ஊர் நடுவில் என்பதால் புள்ள, வயலோரத்தில் என்றால் வேறு மாதிரி வந்திருக்கும். "எல்லாரும் நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டு உட்காரப்போனார். அம்சவல்லி தாள்களை மடிக்கத் தொடங்கினாள்.

உட்காரப்போனவர் உட்காரவில்லை.

"ஆனா பாப்பா, ஒரு பிசகு. அதைச் சொல்லாம போனா எனக்குச் சோறு இறங்காது."

"சொல்லுங்கய்யா. திருத்திக்கிறேன்."

"மண்சாக்கு எப்படி நிக்கும்? தண்ணி கரைச்சிட்டுப் போயிடாதா?"

"நிக்காதுங்களா? நல்லா இறுக்கி வச்சா நிக்கும்னு நெனச்சேன்."

"கிழிச்ச. சேத்துல கால வச்சிருந்தாத் தெரியும்." கூட்டம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் ஏறியது. "பனந்துண்டு ஒண்ணைச் செதுக்கி, அதுமேல வைக்கோல் புரியைச் சுத்தணும். வைக்கோல் நனைஞ்சா ஊதும். ஊத ஊதக் குழாயை இறுக்கிப் பிடிச்சுக்கும். அதையும் தண்ணி வர்ற பக்கம் வைக்கக்கூடாது. வெளியேறுற பக்கம் சொருகி, பின்னால ஒரு முளை அடிக்கணும்."

அவருடைய நிலபுலன்களைக் கவனிக்கும் காரியக்காரர் வைரக்கண்ணு பதறிப்போய் எழுந்தார். "ஐயா, நேரமாவுதுங்க. வண்டி நிக்குது."

"நிக்கட்டும்யா, உக்காரு. இந்தப் புள்ளைக்குப் புரிய வேணாமா?"

"ஏன் அந்தப் பக்கம், ஐயா?" என்றாள் அம்சவல்லி.

"அங்கதான் சூட்சுமம். எவனாவது பார்க்க வர்றான்னு வச்சுக்க, முளையை மட்டும் உருவினாப் போதும். தேங்கின தண்ணியே அடைப்பைப் பிடரியைப் பிடிச்சுத் தள்ளிட்டுப் போயிடும். மனுசன் கை நனைய வேணாம். அதுவுமில்லாம அந்தக் குழாய்ல கீழ் உதடு உடைஞ்சு கிடக்கு. சாக்கு அங்க உக்காரவே உக்காராது."

வைரக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாசில்தார் ரெங்கசாமி மெதுவாகத் திரும்பினார். "எந்தக் குழாய்ங்க?"

பஞ்சநதம் விழித்தார். "கதையில வர்ற குழாய்..."

"கதைக் குழாய்க்கு உதடு உடையலயே. நான் கவனமாத்தான் கேட்டேன். வீரையன் குழாய்ல உடைஞ்சிருக்கு. உங்க வரப்புப் பக்கம். குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும், நான் குனிஞ்சு பார்த்தேன். அந்தப் பக்கமே போனதில்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க."

கடைசி பெஞ்சில் வீரையன் எழுந்து நின்றார். துண்டு மடியிலிருந்து விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"விசாரணை முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்றார் தாசில்தார். "காலையில குழாய்கிட்ட வந்துடுங்க. ரெண்டு பேரும். இங்க இருக்கறவங்கள்ல நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க, வீரையன்."

பஞ்சநதம் அம்சவல்லியைப் பார்த்தார். "வேணும்னே தப்பா எழுதினியா?"

"ஆமாங்கய்யா."

"பள்ளப் பய மவளுக்கு..." என்று தொடங்கி, கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

வாசித்தவர்கள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். மடித்து வைத்திருந்த சால்வையோடு மீரா உசேன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்சவல்லி போய் அதை வாங்கினாள். பஞ்சநதத்தின் தோளைச் சுற்றி, குளிரில் நடுங்குகிறவருக்குப் போர்த்துவது போல, கழுத்துவரை இழுத்துவிட்டாள். "திருத்தினதுக்கு நன்றிங்கய்யா" என்றாள், மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று.

பிறகு மேசையில் குனிந்து, மண்சாக்கு வந்த வரிகளை ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில் பனந்துண்டையும் வைக்கோல் புரியையும் முளையையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதத் தொடங்கினாள். உடைந்த உதட்டை எழுதும்போது தலைநிமிர்ந்து, "கீழ் உதடுதானுங்களே?" என்று கேட்டாள்.

பஞ்சநதம் சால்வையை உருவத் தொடங்கினார். அவள் எழுதிக்கொண்டாள்.